'டாட்' என்பதும் 'டைட்' என்பதும் ஒன்றுதானா?

கேள்வி:
ஆங்கில நாவல் ஒன்றில் கயிறு, வயிற்றுத் தசை, ஒருவரின் குரல் மூன்றுக்கும் டி-ஏ-யூ-டி என்ற பெயரடையே வருகிறது. அகராதி "இறுக்கமான" என்கிறது. அப்படியானால் 'டைட்' வரும் இடத்தில் எல்லாம் இதைப் போடலாமா? உச்சரிப்பு 'டவுட்' மாதிரியா?

பதில் 1:
போட முடியாது. 'டாட்' என்றால் தொய்வே இல்லாதபடி இழுபட்டிருப்பது. கொடிக்கயிறு, பாய்மரத் துணி, வீணைத் தந்தி, மத்தளத் தோல் எல்லாம் 'டாட்' ஆகலாம். பாட்டில் மூடி, செருப்பு, திருகாணி இவற்றுக்கு 'டைட்' மட்டுமே. அங்கே பிடிப்பு உண்டு, இழுப்பு இல்லை. முடிச்சும் 'டைட்'தான். அந்த முடிச்சிலிருந்து கிளம்பி விறைத்து நிற்கும் கயிறு 'டாட்'. எதிர்ச்சொல்லை வைத்துச் சோதியுங்கள்: 'ஸ்லாக்', அதாவது தொய்வு, பொருந்துகிற இடத்தில் 'டாட்' பெரும்பாலும் பொருந்தும். மூடி தொய்ந்தது என்று யாரும் சொல்வதில்லையே.

பதில் 2:
வாக்கியத்தில் அது உட்காரும் இடத்தையும் கவனியுங்கள். 'எ டாட் ரோப்' என்று பெயருக்கு முன்னால் வரும். 'புல் த ரோப் டாட்' என்று வினைக்குப் பின்னாலும் வரும்: விறைக்கும்வரை இழு என்று பொருள். இங்கே பலர் 'டாட்லி' என்று எழுதிவிடுகிறார்கள், அது தவறு. இழுத்த பிறகு கயிறு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வதால் பெயரடைதான் வர வேண்டும். விறைப்பாக்குவதற்கு 'டாட்டன்' என்று தனி வினையே உண்டு.

குரலுக்கு வந்தால், பதற்றத்தையோ கோபத்தையோ அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று அர்த்தம். ஆளையே சொல்ல வேண்டுமானால் 'டென்ஸ்' இயல்பு. திரைக்கதைக்கு 'டாட்' என்றால் பாராட்டு. நாமும் "தொய்வில்லாத திரைக்கதை" என்றுதானே சொல்கிறோம். என்னைக் கேட்டால் அகராதிகள் "இறுக்கமான" என்பதற்குப் பதில் "தொய்வற்ற" என்றே போட்டிருக்கலாம், பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

பதில் 3:
உச்சரிப்பு 'டவுட்' அல்ல. 'டீச்' என்பதன் இறந்தகால வடிவமும் இதுவும் ஒரே ஒலி. அதனால்தான் கயிற்றுக்கு டி-ஏ-யூ-ஜி-ஹெச்-டி என்று எழுதும் பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது. எழுத்துத் திருத்தியும் பிடிக்காது, இரண்டுமே சரியான சொற்கள். நடுவில் 'என்' நுழைந்தால் 'டாண்ட்', கேலி செய்வது. சொன்னதையே வேறு சொல்லில் திரும்பச் சொல்வதைக் குறிக்கும் 'டாட்டாலஜி'க்கும் இதற்கும் உறவில்லை. அது "அதே" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.