உதவி: கையால் வெட்டிய இசைத்தட்டு குதிக்கிறது, அவசரம்

மழைக்கோட்டு:
வணக்கம், மொரீஷியஸில் மழைக்குப் பேர்போன கியூர்பிப்பிலிருந்து எழுதுகிறேன். பிறந்த நாளுக்கென்று அக்கா மகள் அனுப்பின ரெக்கார்டு நேற்றுத்தான் கைக்கு வந்தது. மொத்தமே 40 தட்டுதானாம், உறையில் பேனாவால் 17 என்று எழுதியிருக்கிறது, இரண்டு பசங்க சேர்ந்து பழைய சினிமாப் பாட்டுகளை கிதாரோடு மெதுவாக, ரொம்ப உருக்கமாகப் பாடியிருக்கிறார்கள். ஆனால் பின்பக்கம் ஊசி குதிக்கிறது. சனிக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். என்ன செய்யலாம்?

ஈயப்பற்று:
என்ன பிளேயர்? எத்தனை அங்குலம்? வேகம் நிமிடத்துக்கு 33 சுற்றா, 45-ஆ? தட்டு கறுப்பா, கண்ணாடி மாதிரியா? எப்போதும் ஒரே இடத்தில் குதிக்கிறதா, கண்ட இடத்திலா? இதைச் சொல்லாவிட்டால் நாங்கள் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

கரும்புக்காடு:
கியூர்பிப் என்றாரே, பாதி விடை வந்துவிட்டது. பூஞ்சணம்! அந்த ஈரத்தில், காவடி முடிந்து அலமாரியைத் திறந்தால் என் உறையெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள்.

ஈயப்பற்று:
ஐயோ, வேண்டவே வேண்டாம். பல நகப்பூச்சு திரவங்களில் அசிட்டோன் இருக்கும். கையால் வெட்டுகிற தட்டு பெரும்பாலும் பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக், அசிட்டோன் பட்டால் வெளுத்து விரிசல் விடும். அதோடு, நேற்று வந்த தட்டில் ஏது பூஞ்சணம்?

ரோஸ்ஹில் அக்கா:
பிளேயர் அமெரிக்காவில் வாங்கினதா தம்பி? அங்கே 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. என் நாத்தனாரின் பழைய பிளேயர் அதனாலேயே தூங்கி வழிந்தது.

ஈயப்பற்று:
அக்கா, அது வேகத்தைத்தான் குறைக்கும், ஊசியைக் குதிக்க வைக்காது.

பழைய ஊசி:
இங்கே யாருக்கும் அடிப்படையே தெரியவில்லை. 40 வருடமாக ரெக்கார்டு கேட்கிறவன் சொல்கிறேன், ஊசிக்கு எடை போதவில்லை. தலையில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டினால் ஆடாது அசையாது. எங்கள் அப்பா 78 தட்டுக்கே அப்படித்தான் செய்வார்.

ஈயப்பற்று:
ஐயா, கிராமபோன் தலையே நூறு கிராமுக்கு மேல் கனக்கும், அதற்கு எதற்கு நாணயம்? அது அரக்குத் தட்டு, தாங்கும். இதை அச்சில் அழுத்துவதில்லை, பாட்டு ஓடுகிற நேரம் முழுக்க இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டுகிறார்கள். நியூசிலாந்தில் பீட்டர் கிங் என்பவர் சின்னச் சின்னக் குழுக்களுக்கு இப்படித்தான் பாலிகார்பனேட்டில் வெட்டிக் கொடுத்தார். தடத்தின் ஆழமும் குறைவு, சத்தமும் கொஞ்சம் தணிவு.

பழைய ஊசி:
ஆழமும் இல்லை, சத்தமும் இல்லை, அப்புறம் எதற்குத் தட்டு? அசல் பாட்டு இருக்கும்போது அதை இழவு வீட்டில் பாடுகிற மாதிரி இழுப்பதுதான் இப்போது நாகரிகம்.

ரோஸ்ஹில் அக்கா:
நீங்கள் அதைக் கேட்கவே இல்லையே! மெதுவாகப் பாடினால்தான் வரி காதில் விழும். அது அவர்கள் கற்பனை.

பழைய ஊசி:
கற்பனை உள்ளவன் சொந்தமாக மெட்டுப் போடுவான்.

கரும்புக்காடு:
கோவிலில் தேவாரம் பாடுகிறவரிடமும் இதைச் சொல்வீர்களா?

பழைய ஊசி:
தேவாரத்தை இதில் இழுக்காதீர்கள்.

மழைக்கோட்டு:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். சூட்கேஸ் பிளேயர். 10 அங்குலம், கண்ணாடி மாதிரிதான். இரண்டாவது பாட்டில் சரணம் தொடங்குகிற இடம், எப்போதும் அங்கேதான். நாணயம் ஒட்டட்டுமா?

ஈயப்பற்று:
ஒட்டாதீர்கள்! சூட்கேஸ் பிளேயர் ஊசி ஏற்கெனவே ஐந்து கிராமுக்குப் பக்கமாக அழுத்தும், நல்ல பிளேயரில் இரண்டுதான். இன்னும் ஏற்றினால் தடத்தை உழுதுவிடும். கண்ட இடத்தில் குதித்தால் மேசை சாய்வாக இருக்கலாம் என்பேன். ஒரே இடம் என்றால் தடத்தில் ஏதோ கிடக்கிறது. வெட்டும்போது முடியளவு இழை சுருண்டு சுருண்டு வரும், அதை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், ஒன்றிரண்டு தங்கிவிடுவதும் உண்டு. விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய தூரிகையால் தடம் போகிற போக்கிலேயே தள்ளுங்கள், குறுக்கே இழுக்காதீர்கள். டிஷ்யூ கூடவே கூடாது, கீறிவிடும். வேகம் என்னவென்று கேட்டேன், இன்னும் சொல்லவில்லை.

மழைக்கோட்டு:
கிடைத்தது. நரைமுடி மாதிரி ஒரு இழை, சுண்டுவிரல் நகம் நீளம்கூட இல்லை, தூரிகையில் ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போது ஓடுகிறது, நன்றி. வேகம் கேட்டீர்களே, உறைக்குள் ஒரு துண்டுத் தாள் கிடந்தது, 45 என்று போட்டிருக்கிறது. நான் இதுவரை 33-ல் விட்டிருக்கிறேன். அந்த இரண்டு பசங்களில் ஒருவர் பெண்.