எல் நினோ ஆண்டில் புயல் வராதா? படகை மேட்டுக்கு ஏற்றாமல் விடலாமா?

கேட்டவர் (திருவொற்றியூர்):
அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். ஐப்பசி பிறந்தால் தொழில் முடிந்து வந்ததும் டிராக்டர் வைத்து ரோட்டோரம் வரை இழுத்துப் போடுவோம், ஒவ்வொரு தடவையும் வாடகை. இந்த வருஷம் எல் நினோ என்று டிவியில் சொன்னதைக் கேட்டுவிட்டு, "புயலே வராது, மணலிலேயே கிடக்கட்டும்" என்கிறார் அண்ணன். நம்பலாமா?

காசிமேடு:
2023ஐ அதற்குள் மறந்துவிட்டாரா? அதுவும் பலமான எல் நினோ ஆண்டுதான். மிக்ஜாம் புயல் டிசம்பர் 5ல் ஆந்திராவின் பாபட்லா பக்கம் கரை கடந்தது, ஆனால் அதற்கு முன்னால் நம் ஊரை ஊறப் போட்டுவிட்டுத்தான் போனது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து வலை வீணானது வேறு கதை.

எண்ணூர்:
அண்ணன் சொல்வது பாதி சரி, ஆனால் அட்லாண்டிக்குக்கு. எல் நினோவில் சூடாவது நம் கடல் இல்லை, பசிபிக்கின் நடுவும் கிழக்கும். அதனால் அட்லாண்டிக் மேலே உயரத்தில் காற்று வேகமாகி, எழும்பும் புயலின் தலையைச் சீவிவிடும், அங்கே எண்ணிக்கை குறையும். நம் பக்கம் அவ்வளவு நேரான கணக்கு கிடையாது. புயல் பிறக்க நீர் 26, 27 டிகிரியாவது வேண்டும், வங்கக்கடல் அக்டோபரில் 28ஐத் தாண்டியே இருக்கும், கங்கை, கோதாவரி கொட்டும் நன்னீர் உப்புநீர் மேல் மூடி போல மிதப்பதால் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் சுலபமாக மேலே வராது. அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. லா நினாவில், அதாவது பசிபிக்கின் அதே பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் ஆண்டில், ஈரமும் காற்றும் தோதாக அமைவதால் பலமான புயல்கள் கூடும்: 1999 ஒடிசா, 2016 வர்தா, 2020 நிவர். எல் நினோவில் வாய்ப்பு குறையும், கதவு சாத்தாது. வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் எல் நினோவில்தான் நமக்குக் கூடும்.

காசிமேடு:
ஆமாம், 2015உம் எல் நினோ. டிசம்பர் 1 வெள்ளத்துக்குப் புயல் காரணமே இல்லை, வெறும் மழைதான்.

கேட்டவர்:
காலையில் கரையில் காலை நனைத்துப் பார்த்தேன், தண்ணீர் சில்லென்றுதான் இருந்தது. அதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

எண்ணூர்:
முடியாது. முட்டிவரை உள்ள தண்ணீர் விடியற்காலைக் காற்றில் ஆறிப்போகும். புயலுக்குக் கணக்கு நடுக்கடலில், கீழே ஏறக்குறைய 50 மீட்டர் வரை சூடு இருக்கிறதா என்பது. எல் நினோ, லா நினாவெல்லாம் மொத்த சீசனின் போக்கைத்தான் சொல்லும், எந்த வாரம் என்று சொல்லாது. அதற்கு வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள், துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் வாடகையைப் பார்க்காதீர்கள்.

கேட்டவர்:
சரி. பக்கத்துப் படகுக்காரரையும் சேர்த்துக்கொண்டு ஒரே டிராக்டரில் வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளப் பேசிவிட்டேன். அண்ணனுக்கு மிக்ஜாம் தேதியைக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் கயிறு தேடப் போனார்.