‘ஸ்டால்’ என்பதற்கு ‘ஏந்திழப்பு’: முதற்பறப்புக் குறிப்புகளுக்கான முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

சொந்தமாகக் கட்டிய வானூர்தியை முதன்முதலில் பறக்கவிடும்போது கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்புக் குறிப்புகளில் வரும் ‘ஸ்டால்’ (stall) என்பதற்கு ‘நின்றுபோதல்’ என்று நமது கலைச்சொற் பட்டியலுக்காக ஐயா முன்மொழிந்திருந்தார். எளிய சொல்தான், ஆயினும் இவ்விடத்தில் அதை ஏற்க முடியாது என்று வலியுறுத்த விரும்புகிறேன். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ கராச்சில் வேலை செய்யும் ஒரு தம்பிக்கு ‘நின்றுபோச்சு’ என்றால், லாண்ட்மாஸ்டர் எனும் இருசக்கர உழவு இயந்திரத்தின் எஞ்சின் நின்றதாகவே பொருள்படும். இங்கே கைவிடுவது எஞ்சின் அன்று, இறக்கை. அது காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஓர் எல்லையை, பல சிறு வானூர்திகளில் ஏறத்தாழ 15 பாகையை, தாண்டியதும் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து, இறக்கையை ஏந்தும் விசை திடீரெனக் குன்றிவிடுகிறது. எஞ்சின் முழு வலுவில் இயங்கும்போதும் இது நேரலாம்.

முதற்பறப்பில் இந்த வேறுபாடு உயிர்காக்கும். புவியீர்ப்பால் எரிபொருள் இறங்கும் அமைப்பாயின் புறப்பாட்டுத் தேவையின் 150 வீதமும், பம்பி ஊட்டுவதாயின் 125 வீதமும் பாய்கிறதா என்று தரையிலேயே அளந்து பார்த்திருந்தாலும், மேலெழுந்த சில நொடிகளில் எஞ்சின் நிற்கக்கூடும் என்று எதிர்பார்த்தே வானோடி ஆயத்தமாக வேண்டும். நின்றால் உடனே மூக்கைத் தாழ்த்தி, நேர் முன்னே கிடைக்கும் வெளியில் இறங்குவதே முறை. ஓடுபாதைக்குத் திரும்பும் ஆசையில் தாழ்ந்த உயரத்தில் வானூர்தியைச் சரித்துத் திருப்பினால், இறக்கை தாங்க வேண்டிய பாரம் கூடுகிறது. உயரம் குறையாமல் 60 பாகை சரித்துத் திரும்பும்போது, இறக்கை கைவிடும் வேகம் 41 வீதம் உயர்ந்துவிடுகிறது. எஞ்சின் நின்றதும் இறக்கை கைவிட்டதும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டால், இந்தப் பந்தியைப் படிப்பவர் எதற்கு எதைச் செய்வது என்று எப்படி அறிவார்?

‘ஸ்டால்’ என்பதற்கு அக்கா எழுதிய ‘மேலுதைப்பிழப்பு’ பொருளுக்கு நெருங்கி வருகிறது. ஆனால் நமது பாடநூல்களில் மேலுதைப்பு என்பது ஆக்கிமிடிசின் தத்துவத்தோடு, பாய்மத்தில் அமிழ்ந்த பொருளுக்கு உரியதாகப் பதிந்துவிட்டது.

எனவே இறக்கையைக் காற்று ஏந்தும் விசையை ‘ஏந்துவிசை’ என்றும், அது திடீரெனக் குன்றுவதை ‘ஏந்திழப்பு’ என்றும் வைக்கலாம். ‘ஏந்திழப்பு வேகம்’, ‘ஏந்திழப்பு எச்சரிக்கை’ எனத் தொடர்கள் தடையின்றி அமைகின்றன. ‘வானூர்தி ஏந்திழந்தது’ என வினையாகவும் வரும். ‘இறங்குமுகத்தில் ஏந்திழப்பு வேகத்தின் 1.3 மடங்கைப் பேணுக’ என்ற குறிப்பை உரக்கப் படித்துப் பார்த்தேன், நாவில் இடறவில்லை.

‘முதற்பறப்பு’ என்பதற்கு எனக்கு மறுப்பில்லை. ‘கன்னிப்பறப்பு’ வேண்டாம்.

பட்டியலில் சேர்ப்பதற்கான விளக்கம்: “ஏந்திழப்பு: காற்றை எதிர்கொள்ளும் கோணம் எல்லை மீறுவதால் இறக்கையின் ஏந்துவிசை சடுதியாகக் குன்றுதல். எஞ்சின் நிற்பதைக் குறிக்காது. மீள்வதற்கு முதலில் மூக்கைத் தாழ்த்துக.” மூன்றாவது வாக்கியம் விளக்கத்துக்கு மிகை என்று ஐயா கருதக்கூடும், அதை நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.