கேஸ் ஹீட்டர் பொருத்த யாழ்ப்பாணத்தில் தகுதியான ஆள் தேவை

வணக்கம் உறவுகளே. கொக்குவிலில் இருக்கிறோம். அம்மம்மாவுக்கு 84 வயது, சுடுதண்ணீர் இல்லாமல் குளிக்க முடியாது. மின்சார ஹீட்டர் இரண்டு முறை எரிந்துபோனது. கழற்றிப் பார்த்தால் சுருள் முழுவதும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. எங்கள் கிணற்று நீர் அப்படி. அதனால் நிமிடத்துக்கு 6 லீற்றர் தரும் கேஸ் ஹீட்டர் வாங்கினோம். 12.5 கிலோ சிலிண்டரில் இயங்குவது. மூன்று வாரமாகப் பெட்டியோடு விறாந்தையில் கிடக்கிறது.

கடைக்காரர் அனுப்பியவர் ஜன்னலே இல்லாத குளியலறைக்குள் பொருத்தப் பார்த்தார். புகை எங்கே போகும் என்று கேட்டேன். "கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்" என்றார். அந்தப் புகையில் வரக்கூடிய நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அம்மம்மாவை அதற்குள் எப்படி விடுவது? திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்து வந்த குழாய் வேலைக்காரர் கிளிப் போடாமல் குழாயைச் செருகிவிட்டு, கசிவு பார்க்கத் தீக்குச்சியை எடுத்தார். சவர்க்கார நுரை பூசிப் பார்க்க வேண்டிய இடத்தில் தீக்குச்சி! கையைப் பிடித்துத் தடுத்தேன். 2021 கடைசியில் வீடுகளில் கேஸ் வெடித்த செய்திகளை இன்னும் மறக்கவில்லை. கொழும்பில் விசாரித்த இடத்தில் யாழ்ப்பாணம் வர முடியாது என்றார்கள்.

ஹீட்டரை வெளிச்சுவரில் பொருத்தி, சிலிண்டரையும் வெளியே வைத்து, 5 மீற்றர் செப்புக் குழாய் இழுக்க நினைக்கிறேன். சிலிண்டர் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கழிவுநீர்க் குழி இருக்கிறது. இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் அங்கேதான் போய்த் தேங்கும். அதையும் பார்த்துச் சொல்லக்கூடியவர் வேண்டும்.

உங்கள் வீட்டில் கேஸ் ஹீட்டர் பொருத்தி, கசிவுச் சோதனையும் ஒழுங்காகச் செய்து தந்த, பயிற்சிச் சான்றிதழ் உள்ள ஒருவரை யாழ்ப்பாணத்தில் உங்களுக்குத் தெரியுமா?