மகளின் முதல் அடையாள அட்டை: சமூகக் கூடத்திலேயே பதியலாமா?

வினா
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம். மகளுக்கு 16 வயது நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் எங்கள் சமூகக் கூடத்துக்கு, அடையாள அட்டை வழங்கும் உள்துறையின் (ஹோம் அஃபேர்ஸ்) நடமாடும் வண்டி வருவதாகக் கோயிலில் அறிவித்தார்கள். ஆனால் விண்ணப்பத்தை நிரப்பித் தர 100 ராண்ட் ஆகும் என்று ஒருவர் வீடு வீடாகச் சொல்லி வருகிறார். அது உண்மையா? மேலும், மகளின் பிறப்புச் சான்றிதழில் குடும்பப் பெயர் ‘மூன்சாமி’ என்றும், என் பழைய பச்சை அடையாளப் புத்தகத்தில் ‘முனிசாமி’ என்றும் இருப்பது தடையாகுமோ என்று கவலையாக இருக்கிறது.

மறுமொழி 1
அம்மா, அந்த மனிதரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். 16 வயது நிறைந்து முதன்முறையாக விண்ணப்பிக்கும் குடிமக்களுக்கு ஸ்மார்ட் அடையாள அட்டை இலவசம். தொலைத்துவிட்டு மறு அட்டை கேட்பவர்கள்தான் 140 ராண்ட் கட்ட வேண்டும். நிழற்படத்தையும் விரல் ரேகையையும் அங்கேயே கருவியில் எடுத்துவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழையும் உங்கள் அடையாளப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நீங்களும் மகளுடன் செல்லுங்கள். விடிந்ததும் வரிசையில் நின்றுவிடுவது நல்லது. ‘சிஸ்டம் இல்லை’, அதாவது கணினி இணைப்பு வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டால் அன்றைய பொழுது போனதுதான்.

மறுமொழி 2
பெயரைப் பற்றி நான் சொல்கிறேன், அக்கா. 1860 முதல் சென்னையில் கப்பலேறி வந்த நம் முன்னோர்களின் பெயர்களைத் தமிழறியாத எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததால்தான் முதலியார் ‘மூட்லி’ ஆனார். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஓர் எழுத்து, தம்பிக்கு வேறோர் எழுத்து என்பது நம்மிடையே புதிதல்ல. மகளின் அட்டை அவளுடைய பிறப்புப் பதிவோடு ஒத்திருப்பதே முக்கியம். என் மகனுக்குப் பதிந்தபோது, திரையைச் சற்றுத் திருப்பிக் காட்டுமாறு கேட்டேன். பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அப்போதே சொன்னதால் அங்கேயே திருத்தினார்கள். 13 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்பதால் அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். நாளை மெட்ரிக் எனும் பள்ளி இறுதித் தேர்வுக்குப் பதியும்போதும் இந்தப் பெயரும் எண்ணும்தான் கேட்கப்படும். உங்கள் புத்தகத்திலுள்ள எழுத்தை மாற்ற விரும்பினால், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

வினா எழுதியவர்
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. திரையைக் காட்டும்படி கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. அட்டையை நான் மட்டும் போய் வாங்கி வரலாமா?

மறுமொழி 1
மகளே நேரில் வர வேண்டும், அம்மா. தயாரானதும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். விரல் ரேகையை ஒத்துப் பார்த்த பிறகே அட்டையைக் கையில் கொடுப்பார்கள்.