தீ அணைந்த பிறகு வந்த காய்ச்சல்

பெரியம்மாவின் சேலையில் அடுப்புத் தீ பற்றியது. பெரியப்பா கம்பளியைப் போட்டு அணைத்துவிட்டார். இரண்டு கால்களின் முன்பக்கம், வலது கை. உடம்பின் பரப்பில் 27 சதவீதம் வெந்திருக்கிறது என்று டாக்டர் கணக்கிட்டார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு நான்காம் நாள் 102 டிகிரி காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை. "கிருமியே இல்லாமல் காய்ச்சலா?" என்று பெரியப்பா சண்டைக்கே போய்விட்டார்.

பெரிய தீக்காயத்தில் வெந்த திசுவிலிருந்து கசியும் பொருள்களைக் கண்டே உடம்பு போருக்குக் கிளம்பிவிடுமாம். காய்ச்சலும் படபடப்பும் அதனால் வருபவை. சிக்கல் அதற்குப் பிறகுதான். வீண் கூச்சல் போட்டே ஓய்ந்த காவல்காரனைப் போல, உண்மையான கிருமி வரும்போது வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. அதனால்தான் யாரையும் உள்ளே விடவில்லை. மல்லிகைச் சரத்தோடு வாசலிலிருந்தே திரும்பிய அத்தை இன்னும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பூவிலும் கிருமி வரும் என்றால் நம்பினால்தானே!

மறுமொழி 1

தீக்காயப் பிரிவில் செவிலியராக இருந்தேன். கருகிய தோலில் ரத்த ஓட்டம் கிடையாது. வெள்ளை அணுவும் அங்கே போகாது, ஊசியில் ஏற்றும் மருந்தும் போகாது. கிருமிக்கு அது விருந்து. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா புகுந்துவிட்டால் கட்டுத்துணியில் பச்சை படியும், ஒருவித இனிப்பு வாடை அடிக்கும். கருகியதைச் சீக்கிரம் வெட்டியெடுக்கத் துடிப்பது இதற்காகத்தான்.

எனக்குக் கோபம் வந்தது பத்தியத்தின் மீது. முட்டை கொடுத்தால் சீழ் வைக்கும் என்று ஒளித்துவைப்பார்கள். புண் வழியே புரதம் கொட்டிக்கொண்டிருக்கும்; கஞ்சியை வைத்து உடம்பு எதைக் கொண்டு போராடும்?

மறுமொழி 2

என் தம்பிக்குப் பாதி உடம்பு வெந்துவிட்டது. இறந்தவர் ஒருவர் தானம் செய்த தோலைத் தற்காலிகமாகப் போர்த்தினார்கள். அயல் தோலை உடம்பு உதறிவிடும். 1943-இல் கிளாஸ்கோவில், தீக்காயம்பட்ட பெண்ணுக்கு அவருடைய சகோதரனின் தோலை இரண்டு முறை வைத்தபோது, இரண்டாம் முறை இன்னும் வேகமாக உதிர்ந்தது. அதைக் கவனித்த இருவரில் ஒருவரான பீட்டர் மெடவாருக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தம்பிக்கு இரண்டு வாரம் கடந்தும் அந்தத் தோல் உதிரவில்லை. ஒட்டிக்கொண்டது என்று அம்மா மகிழ்ந்தார். எதிர்க்கக்கூடத் தெம்பில்லாமல் உடம்பு கிடக்கிறது என்றார் டாக்டர். நான்காம் வாரம் ஓரங்கள் உரியத் தொடங்கின. அம்மா அழுதார், டாக்டர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.