ஒரே ஷிராஸ், மூணு ஊர், மூணு ருசி: மண்ணா, வெயிலா, நம்ம அலமாரியா?

பெரம்பூர்_மாடிவீடு

சனிக்கிழமை நாலு பேர் சேர்ந்து மூணு பாட்டில் ரெட் ஒயின் திறக்கப் போறோம். மூணும் ஷிராஸ்ங்கற திராட்சையில செஞ்சது, பிரான்ஸ்ல அதையே சிரான்னு சொல்வாங்க. நாசிக் ஷிராஸ், ஆஸ்திரேலியா பரோஸா ஷிராஸ், பிரான்ஸ் வடக்கு ரோன் பக்கத்து சிரா. தனித்தனியா குடிச்சப்ப நாசிக் கொஞ்சம் பச்சையா, பரோஸா ஜாம் மாதிரி, ரோன் மிளகு ரசத்துல முகத்தை வெச்ச மாதிரி இருந்தது. மூணும் ஒரே திராட்சைன்னா இவ்வளவு வித்தியாசம் ஊரால வருதா, செய்யறவங்க கைப்பக்குவமா? நம்ம ஊர் சூட்டுல வீட்டிலேயே சரியா ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா?

கல்மண்டபம்_72

திராட்சை ஒண்ணேதான், அதுல சந்தேகமே வேணாம். 1998ல மரபணு பார்த்து, துரேஸா, மொந்தூஸ் பிளான்ஷ்னு ரெண்டு பிரெஞ்சு ரகங்களுக்குப் பிறந்தது சிரான்னு உறுதி பண்ணிட்டாங்க. ஈரான்ல இருக்கிற ஷிராஸ் நகரத்துலேருந்து வந்த திராட்சைங்கற கதையெல்லாம் அதோட முடிஞ்சுது. ஆஸ்திரேலியாவுக்குக் கொடிக் குச்சிகளை ஜேம்ஸ் பஸ்பி கொண்டுபோனது 1832ல.

முதல்ல அந்த மிளகு. ரோட்டண்டோன்னு ஒரு பொருள். 2008ல ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸ்ல அதைக் கண்டுபிடிச்சாங்க, நம்ம மிளகுலயும் இருக்கறது அதேதான். லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டும். குலை குளிர்ச்சியா, நிழலா, மெதுவா பழுத்தா அது கூடும்; வெயில் ஏறினா குறையும். அதான் ரோன்ல தூக்கலா இருக்கு, பரோஸாவுல தேட வேண்டியிருக்கு. இன்னொண்ணு: ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு இந்த வாசனை தெரியவே தெரியாது. உங்க நாலு பேர்ல யாராவது "மிளகா, எங்கப்பா?"ன்னு கேட்டா கிண்டல் பண்ணாதீங்க.

அடுத்து புளிப்பு. பழம் மூச்சு விடும்போது எரிக்கறது, அதுக்குப் புளிப்பு தர்ற மாலிக் அமிலத்தை. பகல் சூடா இருந்தா வேகமா எரியும், ராத்திரியும் ஆறலைன்னா விடிய விடிய எரியும். அதனால சூடான ஊர்ல சாறு சப்புன்னு ஆகும், டார்டாரிக் அமிலம் சேர்த்து சரிக்கட்டுவாங்க. பரோஸாவுல அது வழக்கமான வேலை. பயப்பட வேணாம், நம்ம வீட்டுப் புளியில இருக்கிற அமிலம்தான் அது.

சர்க்கரை, ஆல்கஹால் கணக்கும் இதோட சேர்ந்ததுதான். சாறுல லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை, ஒயின்ல ஒரு சதவீத ஆல்கஹால். வடக்கு ரோன் பாட்டில்ல 13ஐ ஒட்டிப் பார்ப்பீங்க, பரோஸாவுல 14.5, 15 சாதாரணம். ஷிராஸுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: பறிக்கற கட்டம் நெருங்கும்போது காய் தண்ணி இழந்து சுருங்க ஆரம்பிக்கும். பத்து நாள் தள்ளிப் பறிச்சா உலர்திராட்சை, ஜாம் ருசி ஏறிடும். அப்போ அது ஊரோட ருசியா, கத்தரிக்கோல் வெச்ச தேதியோட ருசியா? ரெண்டும்தான். ஊர் இடம் கொடுக்கும், எங்க நிறுத்தறதுன்னு முடிவு பண்றது ஆள்.

நாசிக் விஷயம் தனி. அங்க கொடி குளிர்காலத்துல தூங்காது, அதனால ரெண்டு கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடறது. ஏப்ரல்ல ஒண்ணு, மழை ஓய்ஞ்சதும் செப்டம்பர், அக்டோபர்ல காய்க்கான கவாத்து. பறிப்பு ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும். மத்த ரெண்டு ஊர்லயும் நீளமான கோடைப் பகல்ல பழுக்கும், நாசிக்ல குட்டையான குளிர்காலப் பகல்ல பழுக்கும். மொட்டெல்லாம் ஒண்ணா உடையணும்னு ஹைட்ரஜன் சயனமைடு தடவுவாங்க. அது சரியா பிடிக்கலைன்னா ஒரே குலையில பாதி பச்சை, பாதி சுண்டிப்போனது. உங்களுக்குத் தட்டுன பச்சை வாசனை அங்கிருந்தும் வந்திருக்கலாம், மார்ச் வெயிலுக்குப் பயந்து சீக்கிரம் பறிச்சதாலயும் இருக்கலாம். நாசிக்னாலே பச்சைன்னு முடிவு கட்டிடாதீங்க.

மண்வாசம்

மண்ணை அப்படியே விட்டுட்டீங்களே அண்ணே. வடக்கு ரோன்ல ஹெர்மிடாஜ் குன்றுல கருங்கல், நாசிக்ல எரிமலைக் கரும்பாறை மண். அந்தக் கல்லோட ருசி ஒயின்ல வரலைன்னு சொல்ல முடியுமா?

கல்மண்டபம்_72

முடியும். வேர் உறிஞ்சறது கரைஞ்ச உப்புகளை, அதுவும் துளித்துளி. கருங்கல்லுக்குன்னு ஒரு ருசியே இல்லை, நக்கிப் பாருங்க. மண்ணோட வேலை தண்ணிக் கணக்கு. மண் கம்மியா இருக்கிற கருங்கல் சரிவுல மழைத்தண்ணி நிக்காது, கொடி தவிக்கும், காய் சின்னதாகும். காய் சின்னதானா சாறு கம்மி, தோலோட பங்கு அதிகம். நிறமும் துவர்ப்பும் தோல்லயும் விதையிலயும்தான். ஆழமான களிமண்ணுல தண்ணி விட்டு வளர்த்தா இலை காடா மண்டி, பெரிய காயா, ஒயின் நீர்த்த மாதிரி வரும். மண் ருசியை மாத்துது, ஆனா மண்ணோட ருசி வர்றதில்லை.

வண்ணை_ஐஸ்பெட்டி

நீங்க ரெண்டு பேரும் பிரான்ஸ், நாசிக்னு சுத்தறீங்க. பெரம்பூர்ல பாட்டில் எந்தச் சூட்டுல கிடந்ததுன்னு முதல்ல பார்க்கணும்.

30, 35 டிகிரியில மாசக்கணக்கா நின்ன பாட்டில் எந்த ஊரா இருந்தாலும் வேகவெச்ச பழம் மாதிரிதான் இருக்கும், அதைப் பரோஸா குணம்னு நினைச்சுடுவீங்க. திறக்கறதுக்கு முன்னாடி மேல் உறையைக் கிழிச்சுப் பாருங்க. கார்க் வெளியே தள்ளிட்டு இருக்கா, பக்கவாட்டுல பிசுபிசுன்னு கறை இருக்கா? கிளாஸைச் சாய்ச்சு வெள்ளைத் தாள் மேல பிடிச்சா விளிம்பு ஊதாவா, செங்கல் நிறமா? புது வருஷத்துப் பாட்டில்ல விளிம்பு பழுப்பாகி, வாசனை மங்கி, முழுங்கினதும் ருசி காணாம போச்சுன்னா அது சூட்டுல கெட்டது. நல்ல பரோஸா ஜாமா இருந்தாலும் உயிரோட இருக்கும்.

அடுத்து பரிமாறற சூடு. 'ரெட் ஒயினை அறைச் சூட்டுல குடிக்கணும்'ங்கறது குளிர் ஊர்ப் பேச்சு. நம்ம அறை 32. அந்தச் சூட்டுல 15 சதவீத ஒயின்ல ஆல்கஹால்தான் மூக்குல ஏறும், பரோஸா பாவம் அநியாயமா தோத்துடும். 16, 17 டிகிரிக்குக் கொண்டுவாங்க. ஃப்ரிட்ஜ்ல அரை மணி நேரம் பத்தாது, 32லிருந்து இறங்க ரெண்டு மணி நேரம் பக்கம் ஆகும். அவசரம்னா பக்கெட்ல பாதி ஐஸ், பாதி தண்ணி, கழுத்து வரை முக்கி 10, 12 நிமிஷம். தண்ணி ஊத்தாம வெறும் ஐஸ்ல நட்டா இடுக்கெல்லாம் காத்து, மெதுவாத்தான் ஆறும். காசிமேட்டு மீன் ஐஸா இருந்தாலும் பரவாயில்லை, பாட்டில் வெளிப்பக்கம்தானே, ஆனா திறக்கறதுக்கு முன்னாடி கழுத்தைக் கழுவித் துடைச்சுடுங்க. கிளாஸ்ல 50 மில்லிக்கு மேல ஊத்தாதீங்க, பத்து நிமிஷத்துல மறுபடி சூடேறிடும்.

அத்தோ நூடுல்ஸ், வஞ்சிரம் வறுவல் எல்லாம் ஒப்பிட்டு முடிச்ச பிறகு. காரம் பட்ட நாக்குல ஆல்கஹால் எரிச்சல் ரெண்டு மடங்காத் தெரியும். நடுவுல பொரியும் தண்ணியும் போதும்.

பெரம்பூர்_மாடிவீடு

ரொம்ப நன்றி. வெனிலா, தேங்காய் மாதிரி ஒரு வாசனை பரோஸாவுல வந்ததே, அது ஊரா? அப்புறம் லேபிள் தெரிஞ்சா மனசு ஏமாத்துமே, அதுக்கு என்ன வழி?

கல்மண்டபம்_72

தேங்காய் வாசனை, ஒயினை வெச்சுப் பக்குவப்படுத்தற அமெரிக்க ஓக் மரப் பீப்பாயோடது. ஊர்க் கணக்குல சேர்க்காதீங்க. பரோஸாவுல அந்தப் பீப்பாய் ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கறதால மக்கள் ஊர் ருசின்னே நினைச்சுட்டாங்க. ரோன் பாட்டில் லேபிளையும் பாருங்க: வடக்கு ரோன்லயே கோட் ரோத்திங்கற பகுதின்னா 20 சதவீதம் வரைக்கும் வியோனியேங்கற வெள்ளைத் திராட்சை சேர்க்க அனுமதி உண்டு, பூ வாசனை அடிச்சா அதனாலயும் இருக்கலாம். பக்கத்து கோர்னாஸ் பகுதின்னா முழுக்க சிராதான், ஒப்பிட அது சுத்தம்.

மனசு ஏமாத்தறதுக்கு முக்கோணச் சோதனை. மூணு கிளாஸ்: ரெண்டுல ஒரே ஒயின், ஒண்ணுல வேற. ஊத்தறவர் ஒருத்தர், குடிக்கறவர் வேறொருத்தர், பாட்டிலுக்கு செய்தித்தாள் சுத்திடுங்க. வேறானது எதுன்னு மட்டும் கேளுங்க, 'எந்த ஊரு?'ன்னு கேட்காதீங்க. ஆறு தடவையில நாலு சரியா சொன்னா குருட்டு அதிர்ஷ்டமா இருக்கலாம், அதுக்குப் பத்துல ஒரு வாய்ப்பு இருக்கு. அஞ்சு சொன்னா வாய்ப்பு ரெண்டு சதவீதத்துக்கும் கீழே, நம்பலாம். ஒவ்வொரு சுத்துலயும் எந்த ஒயினை ரெட்டையா ஊத்தறதுன்னு காசு சுண்டி முடிவு பண்ணுங்க.

தொடங்கறதுக்கு முன்னாடி நாலு மிளகை நசுக்கி மோந்து பாருங்க. மிளகுல வேற வாசனைகளும் கலந்திருக்கு, அதனால இது சோதனை இல்லை, மூக்குக்கு ஒரு ஞாபகம். துவர்ப்புக்கு நாவல்பழமோ, சர்க்கரை போடாத கெட்டி டீ டிகாஷனோ ஒரு வாய்.

வண்ணை_ஐஸ்பெட்டி

மிச்சம் இருந்தா அரை பாட்டிலா மேசையில விட்டுடாதீங்க. சின்ன பாட்டில்ல விளிம்பு வரை ரொப்பி மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சா மூணு நாள் தாங்கும். மேசையில விட்டா மறுநாள் சாயந்திரம் காடி வாசனை எட்டிப் பார்க்கும்.